முதலாம் முத்தேசா

முதலாம் முத்தேசா (ஏறத்தாழ 1838 – அக்டோபர் 1884) என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில், விக்டோரியா ஏரியின் வடகரையில் அமைந்த புகாண்டா அரசின் மன்னர் ஆவார். புகாண்டா மன்னர்கள் கபாக்கா என்னும் பட்டப்பெயரால் அழைக்கப்படுகின்றனர். உகாண்டாவின் தலைநகரான கம்பாலா இவ்வரசின் எல்லைக்குள் அமைந்துள்ளது. முத்தேசா 1856 ஆம் ஆண்டு முதல் இறக்கும்வரை 28 ஆண்டுகள் ஆட்சி செய்தார். ஐரோப்பியர் முதன்முதலாகப் புகாண்டாவுக்கு வந்தது இவர் காலத்திலேயே. இதனால் இவரைப் பற்றிய நூல்கள் பலவும் வெளிநாட்டுப் பயணிகளுடன் இவர் கொண்டிருந்த உறவையே விரிவாகக் கூறுகின்றன. ஆயினும் இவர் எவ்வாறு அரியணை ஏறினார், இவருக்குப் பின் நாடு ஏன் உள்நாட்டுப் போரில் மூழ்கியது என்பவற்றை விளங்கிக்கொள்ள, புகாண்டா அரச குடும்பத்தின் அமைப்பை அறிவது இன்றியமையாதது.

பிறப்பும் அரியணையும்

முத்தேசாவின் தந்தை கபாக்கா இரண்டாம் சூனா, தாய் முகன்சிர்வாசா. இவருக்கு இளமையில் வழங்கிய பெயர் முக்காப்யா என்பதாகும். பிறரை அழவைப்பவர் என்பது இதன் பொருள். சூனா 1856 இல் பெரியம்மை நோயால் இறந்தபோது அவருக்குப் பல மகன்கள் இருந்தனர். அவர்களுள் முத்தேசா அத்துணை செல்வாக்கு உடையவர் அல்லர். எனினும் கத்திக்கிரோ எனப்படும் முதலமைச்சர் பதவியில் இருந்த காயிரா, இவரையே தெரிவு செய்து அரசராக்கினார். இளையவரும் வலிமை குறைந்தவருமான இவரைத் தம் சொற்படி நடத்தலாம் என்று காயிரா எண்ணியதாகக் கூறப்படுகின்றது. அவ்வெண்ணம் ஈடேறவில்லை. சில ஆண்டுகளுக்குள் முத்தேசா அதிகாரம் முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

புகாண்டாவில் மூத்த மகனே அரசனாவான் என்னும் முறை கிடையாது. மாறாக, அரசரின் மூத்த மகன் கிவேவா என்னும் பட்டம் பெறுவதோடு அரியணைக்கு உரிமை அற்றவனாகவும் கருதப்பட்டான். ஏனைய இளவரசர்களுள் எவரும் அரசராகலாம். எனவே ஒவ்வோர் அரசர் இறக்கும்போதும் போட்டி எழுந்தது. வெற்றி பெற்றவர் தம் உடன்பிறந்தாரைச் சிறைவைப்பதும் கொல்வதும் முன்னர் பலமுறை நிகழ்ந்துள்ளன. முத்தேசாவின் ஆட்சியும் அவ்வாறே தொடங்கியது. இவருடைய சகோதரர்கள் பலர் உயிரிழந்தனர். உயிர்தப்பியவர்களுள் முதன்மையானவர் நூகு முபோகோ என்பவர். இவர் பிற்காலத்தில் உகாண்டா முசுலிம்களின் தலைவராக விளங்கி 1921 இல் இறந்தார்.

தாய்வழிக் குலமும் அரசியின் அதிகாரமும்

புகாண்டா மக்கள் ஏறத்தாழ ஐம்பது குலங்களாகப் பிரிந்துள்ளனர். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கோ பறவையோ தாவரமோ குலக்குறியாக உண்டு. பொதுமக்கள் அனைவரும் தந்தையின் குலத்தைச் சேர்ந்தவர்கள். அரசரோ தம் தாயின் குலத்தைச் சேர்ந்தவராகக் கொள்ளப்பட்டார். இதன் விளைவாக அரசுரிமை எந்த ஒரு குலத்திலும் நிலைத்து நிற்கவில்லை. ஒவ்வொரு குலமும் தன் பெண்ணை அரண்மனைக்கு அனுப்பினால் அடுத்த அரசருக்குத் தாய்வீடாகலாம் என்னும் நம்பிக்கையோடு இருந்தது. நாட்டின் எல்லாக் குலங்களையும் அரியணையோடு பிணைத்து வைத்த ஏற்பாடு இதுவே எனலாம். முத்தேசாவின் தாய் யானையைக் குலக்குறியாகக் கொண்ட குலத்தினர் ஆவார்.

அரசரின் தாய்க்கு நமசோலே என்பது பட்டம். அவருக்குத் தனி அரண்மனை, தனி நிலங்கள், தனி அதிகாரிகள் ஆகியன இருந்தன. ஒரே குன்றில் இரு அரசர் வாழலாகாது என்னும் கருத்தால் அவர் வேறொரு குன்றில் வாழ்ந்தார். அவர் மறுமணம் செய்துகொள்ளலாகாது. புதிய போட்டியாளர் எவரும் பிறந்துவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம். 1862 இல் புகாண்டாவுக்கு வந்த ஆங்கிலேயப் பயணி ஜோன் ஹனிங் ஸ்பீக், மகனின் அவைக்கும் தாயின் அவைக்கும் மாறிமாறிச் சென்றுவர வேண்டியிருந்ததைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். இருவரும் அவரைத் தத்தம் விருந்தினராகவே கருதினர். தாயரசி அவரிடம் மருந்து கேட்டுப் பெற்றார். முகன்சிர்வாசா 1882 இல் இறந்தபோது, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த மூன்று பெட்டிகளைச் செய்யும் பணி ஸ்கொட்லாந்து நாட்டவரான அலெக்சாந்தர் மக்கே என்னும் சமயப் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெருமளவு துணி கல்லறையில் இட்டு நிரப்பப்பட்டது.

அரசரோடு முடிசூடும் சகோதரி ஒருவரும் உண்டு. அவர் லுபுகா எனப்பட்டார்.

மனைவியரும் மக்களும்

முத்தேசாவுக்கு 80க்கும் மேற்பட்ட மனைவியர் இருந்தனர். அவர்களின் பெயர்களையும் குலங்களையும் பிள்ளைகளையும் அப்பலோ காக்வா தொகுத்து எழுதியுள்ளார். இவர் அரண்மனைப் பணியாளராக வாழ்வைத் தொடங்கிப் பின்னர் கத்திக்கிரோ ஆனவர்; புகாண்டா மன்னர்களைப் பற்றிய இவரது நூல் 1901 இல் வெளிவந்தது. மனைவியருள் கத்துலுபாலே, கபெச்சா, நசாசா என்னும் பட்டம் உடைய மூவர் மேல்நிலையில் இருந்தனர். ஏனையோர் நாட்டின் பல குலங்களிலிருந்தும் வந்தவர்கள். இவ்வளவு திருமணங்களை மன்னரின் தனிப்பட்ட விருப்பமாக மட்டும் காண்பது தவறாகும். ஒவ்வொரு திருமணமும் ஒரு குலத்துடன் செய்துகொண்ட உடன்பாடாக இருந்தது.

அரச குடும்பத்துப் பெண்கள் திருமணம் செய்யவோ பிள்ளை பெறவோ அக்காலத்தில் அனுமதிக்கப்படவில்லை. முத்தேசாவின் மகளான நலுமன்சி கிறித்தவராகி இக்கட்டுப்பாட்டை மீறித் திருமணம் செய்துகொண்டார். பழைய அரசர் ஒருவரின் கல்லறையைக் காக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டபோது அங்கிருந்த சடங்குப் பொருட்களை எரித்தார். இறுதியில் இவர் கொல்லப்பட்டார்.

சமயங்கள்

சான்சிபார் வழியாக வந்த அரபு, சுவாகிலி வணிகர்களிடமிருந்து இசுலாமை அறிந்த முத்தேசா, 1867 முதல் பத்து ஆண்டுகளளவில் நோன்பு நோற்றார். ஆனால் விருத்தசேதனம் செய்துகொள்ள மறுத்தார். அரசரின் குருதி சிந்தலாகாது என்பது நாட்டு வழக்கு. இசுலாமில் ஈடுபாடு கொண்டு அரசரின் அதிகாரத்தையே கேள்விக்கு உட்படுத்திய அரண்மனை இளைஞர்கள் பலர் 1876 அளவில் இவர் ஆணையால் கொல்லப்பட்டனர். 1875 இல் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி வந்து சென்றதை அடுத்து, 1877 இல் ஆங்கிலிக்க சமயப் பணியாளர்களும் 1879 இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமாரும் வந்தனர். பல மனைவியரைக் கைவிடாமல் திருமுழுக்குப் பெற இயலாது என்று அவர்கள் கூறினர். மேலே விளக்கிய குலத் தொடர்புகளை நோக்கினால், இந்நிபந்தனையை ஏற்பது அரசின் அடித்தளத்தையே அசைப்பதாகும் என்பது புலப்படும். முத்தேசா எச்சமயத்திலும் முழுமையாகச் சேரவில்லை. 1879 இல் விக்டோரியா மகாராணியிடம் மூன்று தூதர்களையும் அனுப்பினார்.

இறப்பும் கல்லறையும்

நீண்டகாலம் நோயுற்றிருந்த முத்தேசா 1884 அக்டோபரில் இறந்தார். முந்தைய மன்னர்கள் இறந்தபின் அவர்களது தாடையெலும்பு பிரித்தெடுக்கப்பட்டுத் தனிக் கோயிலில் வைக்கப்படுவது வழக்கம். முத்தேசாவின் உடல் அவ்வாறு செய்யப்படாமல் முழுமையாக அடக்கம் செய்யப்பட்டது. 1882 இல் கசுபிக் குன்றில் இவர் கட்டிய, புல்வேய்ந்த வட்ட வடிவ அரண்மனையே இவரது கல்லறையாயிற்று. பின்னர் இவருடைய வழிவந்த மூன்று மன்னர்களும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர். 2001 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இக்கட்டடம் 2010 மார்ச் 16 அன்று தீக்கிரையானது. மீளமைப்புப் பணிகளின் பின் 2023 இல் இது ஆபத்துக்குள்ளான களங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

மகன்களின் போர்

தலைவர்கள் முத்தேசாவின் மகன்களுள் முவாங்காவைத் தெரிவு செய்தனர். 1868 இல் பிறந்த அவருக்கு அப்போது 16 வயது. இம்முறை சகோதரர்கள் கொல்லப்படவில்லை. இது இரக்கமான முடிவே ஆயினும், அரசரை எதிர்ப்போர் கையில் மாற்று இளவரசர்கள் கிடைக்கவும் இதுவே வழிவகுத்தது. 1885 முதல் கிறித்தவர்களைக் கொன்ற முவாங்கா, 1888 இல் கிறித்தவரும் முசுலிம்களும் ஒன்றுசேர்ந்து எழுந்தபோது நாட்டைவிட்டு ஓடினார். அவருக்குப் பதிலாக, வழக்குப்படி உரிமையற்றவரான மூத்த மகன் கிவேவா அரசராக்கப்பட்டார். அவர் விருத்தசேதனத்துக்கு இணங்காததால் சில வாரங்களிலேயே நீக்கப்பட்டார். அடுத்து வந்த கலேமா இசுலாமைத் தழுவினார். போட்டியாளர்களுக்கு அஞ்சிய அவர், 1889 இல் கிவேவா உட்பட அரச குடும்பத்து ஆண்களையும் பெண்களையும் பெருமளவில் கொன்றார். முவாங்கா கிறித்தவர்களின் துணையுடன் மீண்டும் அரியணையைக் கைப்பற்றினார். கலேமா 1890 இல் பெரியம்மையால் இறந்தார்.

முவாங்கா பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்து, 1899 இல் சீசெல்சுத் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டு, 1903 இல் அங்கேயே இறந்தார். அவருடைய உடல் 1910 இல் கசுபிக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய ஒரு வயதுக் குழந்தை இரண்டாம் தாவுதி சுவா 1897 இல் கபாக்கா ஆக்கப்பட்டார். சுவாவின் மகனும் முத்தேசாவின் கொள்ளுப்பேரனுமான இரண்டாம் முத்தேசா 1963 இல் உகாண்டாவின் முதல் குடியரசுத் தலைவரானார். 1967 இல் ஒழிக்கப்பட்ட அரசு 1993 இல் மீட்டளிக்கப்பட்டபோது, அவருடைய மகன் இரண்டாம் முத்தேபி முடிசூடினார்.