திக்கற்ற பிள்ளைகளும் திருச்சபைகளும்

தந்தையை இழந்த மக்களைப் பேணுதல் தமிழகத்திற்குப் புதிய அறம் அன்று. பாரி மாய்ந்த பின்னர் அவன் மகளிர் இருவரையும் கபிலர் உடன்கொண்டு மன்னர் வாயில்களை நாடிச் சென்றமையும், ஈற்றில் அவர்களைப் பார்ப்பார்பால் அடைக்கலமாக ஒப்புவித்தமையும் புறநானூற்றாலும் அதன் பழங்குறிப்புகளாலும் அறியப்படும். ஆயின் கபிலர் ஆற்றியது நட்பின் கடன். முன்பின் அறியாதார் பெற்ற பிள்ளைகளை ஒரு நிறுவனம் தன் பொறுப்பில் ஏற்று உணவும் உடையும் கல்வியும் அளித்து வளர்த்தல் வேறொரு வகை அறம். அதனைக் கிறித்தவத் திருச்சபைகள் தமிழ்நாட்டில் முந்நூறாண்டுகளாக எவ்வாறு நடத்தி வந்துள்ளன என்பதையும், அவ்வரலாறு இன்று நமக்கு அறிவுறுத்துவது யாது என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கண்ணமங்கலத்தை நினைவில் நிறுத்துதல் பயன் தரும். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், ஆரணியைச் சார்ந்த பட்டு நெசவு வட்டாரத்தில் அமைந்தது அவ்வூர். அதன் வடக்கே வேலூரில், 1853ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் வேரூன்றியது. தெற்கே திருவண்ணாமலையில் தேனிய மிஷன் பள்ளி கண்டது. இரு தொண்டு மரபுகளுக்கு இடையே நிற்கும் நெசவூர் இது. இங்குள்ள எளிய குடும்பத்துக் குழந்தையின் நிலையிலிருந்து நோக்கின், பழைய வரலாற்றின் நிறையும் குறையும் நன்கு விளங்கும்.

1. சொல்லும் பொருளும்

‘அநாதை’ என்னும் வடசொல் வழக்கு ‘நாதன் அற்றவர்’ என்னும் பொருளில் நின்று, காப்பவர் இல்லாமையைக் குறிப்பது. தமிழ் விவிலியத்தில் யாக்கோபு எழுதிய நிருபம் ‘திக்கற்ற’ என்னும் சொல்லை ஆளுகின்றது. செல்வதற்குத் திசையே இல்லாதவர் என்பது அதன் பொருள். அவ்விடத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, திக்கற்ற பிள்ளைகள் தனித்துக் கூறப்படாமல் விதவைகளோடு சேர்த்துக் கூறப்படுகின்றனர். மற்றொன்று, அவர்களுக்குச் செய்யவேண்டுவது ‘விசாரித்தல்’ என்று சுட்டப்படுகின்றது. விசாரித்தலாவது, அவர் துன்பமுறும் இடத்திற்கே சென்று நிலையறிந்து பேணுதல். பிள்ளையைத் தாயினின்றும் பிரித்து மதிலுக்குள் கொணர்தல் அச்சொல்லின் முதற்பொருள் அன்று. இவ்வேறுபாட்டை உளத்திற்கொண்டு வரலாற்றினுட் புகுவோம்.

2. தரங்கம்பாடியும் தஞ்சையும்

சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் செருமனியில் ஆல்லே நகரத்துத் தொடர்புடையவர். பிராங்கே என்பார் அந்நகரில் நடத்திய அநாதை இல்லமும் பள்ளிகளும் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றிருந்தன. அம்முறையைத் தழுவியே தரங்கம்பாடியில் 1707இல் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் மிஷன் செலவிலேயே அளிக்கப்பட்டன. ஆகவே இந்நாட்டில் சீர்திருத்தச் சபையின் பள்ளியும் இல்லமும் ஒரே கருவில் தோன்றியவை எனலாம். எழுத்தறிவைப் பெறும் வாயில், பசி தீர்க்கும் வாயிலாகவும் அமைந்தது. இதனாற் பெரும்பயன் விளைந்தது; உணவின் பொருட்டுச் சமயம் மாறினர் என்னும் பழிச்சொல்லும் அன்றே உடன்பிறந்தது.

சுவார்ட்சு ஐயர் வரலாறு இதனின் விரிந்தது. 1760களில் திருச்சிராப்பள்ளியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் படைவீரர் பலர் மாண்டபொழுது, அவர்தம் பிள்ளைகளுக்கெனப் பொருள் திரட்டிப் பள்ளி அமைத்தார். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பைத் தொடர்ந்து தஞ்சையில் பஞ்சம் நேர்ந்தது. முன்னரே வாங்கிச் சேர்த்து வைத்திருந்த நெல்லைக்கொண்டு அவர் பலரைக் காத்தார். துளசா மன்னர் 1787இல் தாம் தத்தெடுத்த சிறுவராகிய சரபோசியை அவர் பாதுகாப்பில் ஒப்புவித்தார். ஈண்டு ஓர் உண்மை சிறப்பாக நோக்கற்பாலது: சுவார்ட்சு பேணி வளர்த்த சரபோசி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார், தம்மைப் பேணியவர்பால் கொண்ட அன்பும் மாறவில்லை. தஞ்சைக் கோயிலில் பளிங்கு நினைவுச் சிற்பம் நிறுவியவரும் அவரே.

அச்சரபோசி மன்னர் 1801இல் தம் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம், அங்கு வந்து இறந்த வழிப்போக்கரின் பிள்ளைகள் பள்ளியாசிரியர் பொறுப்பில் வளர்க்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. ஆதலின் திக்கற்றோரைக் காத்தல் திருச்சபைக்கே உரிய தனிமரபு என்பது பொருந்தாது. சத்திர மரபும் மிஷன் மரபும் தஞ்சையில் அருகருகே வாழ்ந்தன.

3. பஞ்சமும் இல்லங்களும்

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் இவ்வறத்தின் போக்கையே மாற்றியது. தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுவர். வடஆர்க்காடு மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. அக்காலத்தில் சிறுமியாயிருந்த ஐடா ஸ்கடர், பசியால் வாடிய பிள்ளைகளுக்கு வேலூரில் தம் கையால் உணவளித்த நினைவை வாழ்நாள் முழுதும் மறந்திலர் என்பது அவர் வரலாற்றால் அறியப்படும். 1900இல் வேலூரில் அவர் தொடங்கிய மருத்துவத் தொண்டு பின்னர்ப் பெரும் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

தெற்கே நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்து, 1878இல் அவர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பள்ளியும் கண்டார். உண்டு வளர்ந்த பிள்ளை தொழிலின்றி மீண்டும் தெருவில் நிற்றலாகாது என்னும் தெளிவு இதன்கண் புலனாகின்றது. ஆயினும் பஞ்சகால இல்லங்களில் ஒரு குறையும் உண்டு. பெருந்திரளாக வந்த பிள்ளைகளை வரிசையிலும் மணியோசையிலும் வளர்க்க நேர்ந்தது. ஊர், உறவு, குடிப்பெயர் ஆகியவற்றோடு இருந்த தொடர்பு பலர்க்கு அறுந்தது. பஞ்சம் நீங்கிய பின்னரும் இல்லங்கள் நிலைபெற்றன. வறுமையுற்ற பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு விடுதல் வழக்கமாயிற்று.

4. டோனாவூரின் உறவுமுறை

இக்குறையை உணர்ந்து வேறுநெறி வகுத்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் 1867இல் பிறந்து 1895இல் இந்தியா வந்த அவர், திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1901இல் கோயிலுக்கு விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுவே தொடக்கம். 1918 முதல் ஆண்குழந்தைகளும் ஏற்கப்பட்டனர்.

அங்கு வளர்ந்த பிள்ளைகள் அவரை ‘அம்மா’ என்றனர். வளர்த்த பெண்டிர் ‘அக்காள்’ எனவும், ஆடவர் ‘அண்ணாச்சி’ எனவும் அழைக்கப்பட்டனர். இவை திருநெல்வேலி மக்கள் இல்லங்களில் வழங்கும் உறவுச்சொற்கள். பிள்ளைகள் சிறுசிறு குடும்பங்களாகத் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தனர். உறவு முறியும் இடத்தில் உறவுச்சொல்லை மீண்டும் நிறுவுதலே டோனாவூர் கண்ட நெறி. அம்மையார் 1951இல் மறைந்தார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் கற்கலம் ஒன்றில் ‘அம்மை’ என்னும் சொல் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

இந்நெறிக்கும் மறுப்பு உண்டு. பிள்ளைகளை மீட்டமை தொடர்பாக உறவினர் வழக்காடியதும், சமயத்தின் பொருட்டு நிகழ்ந்த பூசலும் வரலாற்றில் மறைக்கத்தக்கன அல்ல. எனினும் தேவதாசி வழக்கத்தைச் சாடியவர் கிறித்தவர் மட்டுமல்லர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அதனை ஒழிக்கச் சட்டமன்றத்திற் போராடியதோடு, அத்தகைய சிறுமியர்க்கென ஔவை இல்லத்தையும் நிறுவினார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது.

5. சட்டத்தின் காலம்

ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் எழுந்தது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் வைத்தலை இறுதி வழியாகவே கொள்கின்றது. குழந்தையின் முதற்பொறுப்பு குடும்பத்திற்கு உரியது என்பதும், மாவட்டக் குழந்தை நலக் குழுவின் ஆணையின்றி எந்த இல்லமும் பிள்ளையை வைத்துக்கொள்ளலாகாது என்பதும் அதன் கருத்து. யாக்கோபு நிருபத்தின் ‘விசாரித்தல்’ என்னும் சொல் இச்சட்டத்தோடு இயைந்து நிற்றல் வியப்பிற்குரியது.

6. கண்ணமங்கலம் காட்டும் வழி

நெசவூரில் ஆதரவற்ற குழந்தை என்பவர் பெரும்பாலும் பெற்றோர் இருவரையும் இழந்தவர் அல்லர். தறி நெய்த தந்தை இறப்பின், தாய் எஞ்சுகின்றாள், தறியும் எஞ்சுகின்றது, பெற்ற முன்பணமும் கடனாக எஞ்சுகின்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலும் குழந்தைத் தொழில் தடைச் சட்டம் 1986இலும் இயற்றப்பட்டன. 2016இல் செய்த திருத்தம், பள்ளி நேரம் நீங்கலாகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுதலை விலக்கவில்லை. வீடே தொழிற்கூடமாகிய ஊரில் உதவி எங்கு முடிகின்றது, உழைப்பு எங்குத் தொடங்குகின்றது எனப் பிரித்தறிதல் எளிதன்று.

இங்குத் திருச்சபை புதிய விடுதி ஒன்றைக் கட்டின், அக்குழந்தை தாயை இழந்து உணவைப் பெறும். தாய்க்குரிய உதவித்தொகையைப் பெற்றுத் தருதல், முன்பணக் கடனைத் தீர்க்கத் துணைநிற்றல், மாலையிற் பாடம் சொல்லிக் கொடுத்தல், நாள்தோறும் சென்று விசாரித்தல் ஆகியவற்றைச் செய்யின், இரண்டையும் இழவாது. உறவினர் எவரும் இல்லாத பிள்ளைக்கு மட்டுமே இல்லம் வேண்டும்; அதுவும் அக்காளும் அண்ணாச்சியும் உள்ள சிறு இல்லமாதல் வேண்டும். எவ்விடத்தும் பிள்ளையின் பெயரும் சமயமும் உணவிற்கு விலையாதல் கூடாது. சரபோசியை வளர்த்த சுவார்ட்சே இதற்குச் சான்று.

முந்நூறாண்டு வரலாற்றிற் பசியை நீக்கியது பெருஞ்செயல். தொழில் கற்பித்தது அதனினும் உயர்ந்தது. உறவை மீட்டது அவ்விரண்டினும் அரியது. பிள்ளைக்குத் திசை காட்டுதல், அதன் சொந்த வீட்டு வாயிலிலிருந்தே தொடங்கற்பாலது என்பது இவ்வாராய்ச்சியாற் போதரும் முடிபாகும்.