மெடிகேர் பிறந்த கதை

போன மாதம் எங்கள் கல்லூரிக்கு ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஆள் எடுக்க வந்திருந்தது. பி.காம் கடைசி வருஷம் என்றால் எந்த மாதிரி கம்பெனிகள் வரும் என்று உங்களுக்கே தெரியும். நானும் அண்ணனுடைய டையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அந்த மேடம் ஒரு கேள்வி கேட்டார். "பேஷன்ட்டுக்கு 40 வயசு. மெடிகேர் கார்டு வச்சிருக்கார். க்ளெய்ம் அனுப்பலாமா?"

"முடியாது மேடம், மெடிகேர் 65 வயசுக்கு மேலதான்" என்றேன். ரொம்பத் தெளிவாக. அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் நம்ம கதை.

அந்த 40 வயசு ஆள் கையில் கார்டு எப்படி வந்தது என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. வேலைதான் போச்சு, விஷயமாவது மிஞ்சட்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மெடிகேர் வேறு, மெடிகெய்ட் வேறு. மெடிகெய்ட் ஏழைகளுக்கானது, மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து நடத்துவது, வருமானம் பார்த்துத் தருவது. மெடிகேர் அமெரிக்க மத்திய அரசின் காப்பீடு. அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. வேலை பார்க்கிற காலத்தில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, வயதானதும் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கிறார்கள். இரண்டும் பிறந்தது ஒரே சட்டத்தில், ஒரே நாளில். அதனால்தான் இந்தக் குழப்பம்.

சரி, கதைக்கு வருவோம்.

1935ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் கொண்டுவந்தார். வயதானவர்களுக்கு பென்ஷன். அதிலேயே மருத்துவக் காப்பீட்டையும் சேர்க்கலாம் என்று பேச்சு இருந்தது. ஆனால் டாக்டர்கள் சங்கம் (அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன்) எதிர்த்தால் பென்ஷனும் சேர்ந்து கவிழ்ந்துவிடும் என்று பயந்து அதை மட்டும் விட்டுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1945 நவம்பரில் ட்ரூமன் வந்து எல்லாருக்கும் தேசிய மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். டாக்டர்கள் சங்கம் ஒவ்வொரு உறுப்பினரிடமும் 25 டாலர் வசூல் செய்து, விளம்பரக் கம்பெனி வைத்து, 'இது சோஷலிச மருத்துவம்' என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. பனிப்போர் தொடங்கிய நேரம். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ட்ரூமன் தோற்றார்.

அப்புறம்தான் ட்ரூமனின் ஆட்கள் ஒரு யோசனை செய்தார்கள். எல்லாருக்கும் கேட்டால் கிடைக்காது, வயதானவர்களுக்கு மட்டும் கேட்போம். வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தது. ரிட்டயர் ஆனவர்களை எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் விரும்பிச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நோய் வருவதே அந்த வயதில்தான். லாபம் இல்லாத இடத்தில் தனியார் வரமாட்டான் என்பது பி.காம் முதல் வருஷப் பாடம்.

ஆனாலும் சுலபமாக நடக்கவில்லை. 1961ல் டாக்டர்கள் சங்கம் ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்குக் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டுவார்கள், பிறகு எல்லாரும் உட்கார்ந்து காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவார்கள். தட்டில் பேசியவர் ஒரு நடிகர். பெயர் ரொனால்ட் ரீகன்! இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1962 மே 20ஆம் தேதி கென்னடி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெரிய கூட்டம் போட்டு டிவியில் பேசினார். டாக்டர்கள் சங்கம் அதே அரங்கை வாடகைக்கு எடுத்து, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு டாக்டரை நிறுத்திப் பதில் சொல்லவைத்தது. நம்ம ஊர் மேடைப் போட்டியெல்லாம் இதற்கு முன்னால் சும்மா. அந்த ஜூலையில் செனட்டில் மசோதா 52க்கு 48 என்று தோற்றது.

1964 தேர்தலில் ஜான்சன் அமோகமாக ஜெயித்தபிறகுதான் கணக்கு மாறியது. அதுவரை முட்டுக்கட்டையாக இருந்தவர் கீழ்சபையின் வரிக் கமிட்டித் தலைவர் வில்பர் மில்ஸ். 1965 மார்ச்சில் அவர் முன்னால் மூன்று யோசனைகள் இருந்தன. ஜான்சன் கட்சியுடையது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும். குடியரசுக் கட்சியுடையது டாக்டர் ஃபீஸுக்கு, விருப்பப்பட்டால் சேரலாம். டாக்டர்கள் சங்கம் சொன்னது ஏழைகளுக்கு மட்டும் உதவி. ஒன்றுக்கொன்று போட்டியாக வந்த மூன்றையும் மில்ஸ் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்! முதலாவது பார்ட் ஏ, இரண்டாவது பார்ட் பி, மூன்றாவது மெடிகெய்ட். 'மூன்றடுக்கு கேக்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. ஏ எதற்கு, பி எதற்கு என்று பில்லிங் வேலைக்குப் போன சீனியர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த ஒரு கமிட்டிக் கூட்டம்தான்.

1965 ஜூலை 30. ஜான்சன் மிசௌரி மாநிலத்து இன்டிபெண்டன்ஸ் ஊருக்குப் போய், ட்ரூமன் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். 81 வயது ட்ரூமனுக்கு முதல் கார்டு. அடுத்த வருஷம் 1966 ஜூலை 1ல் திட்டம் தொடங்கியபோது சுமார் 1.9 கோடி பேர் சேர்ந்திருந்தார்கள். பார்ட் பி பிரீமியம் மாதம் 3 டாலர். (2025ல் அது 185 டாலர்.)

இந்த இடத்தில் பாடப்புத்தகங்கள் சட்டென்று தாண்டிப்போகிற ஒரு விஷயம் உண்டு. அன்றைக்குத் தென் மாநில ஆஸ்பத்திரிகளில் கறுப்பர்களுக்குத் தனி வார்டு. பல இடங்களில் சேர்த்துக்கொள்வதே கிடையாது, கறுப்பு டாக்டருக்கு உள்ளே வேலை கிடையாது. இதில் கொடுமை, 1946ல் வந்த ஆஸ்பத்திரி கட்டும் மானியச் சட்டமே 'தனித்தனியாக, ஆனால் சமமாக' வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டம், மத்திய அரசுப் பணம் வாங்குகிற இடத்தில் நிறப் பாகுபாடு கூடாது என்றது. மெடிகேர் பணம் மத்திய அரசுப் பணம். அப்படியானால்?

ஜான்சன் அரசு சுமார் ஆயிரம் பேரை, பலரை வேறு வேறு ஆபீஸ்களிலிருந்து கடன் வாங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அனுப்பியது. வார்டைச் சேர்த்துவிட்டோம் என்று நிர்வாகம் சொல்லும். அங்கே வேலை பார்க்கும் கறுப்பு ஊழியர்கள் ரகசியமாக உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பிரித்து வைத்தால் ஒரு டாலர் கிடையாது என்றதும், பல வருஷப் போராட்டத்திலும் கோர்ட்டு வழக்கிலும் அசையாத ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் மாறின. எல்லாமே மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். தனியாக க்ளினிக் வைத்திருந்த டாக்டர்கள் இந்த விதிக்குள் வரவில்லை. பார்ட் பி பணம் அரசு மானியம் ஆகாது என்று ஒரு விளக்கம் சொல்லி அவர்களை விட்டுவிட்டார்கள்.

இப்போது என் 40 வயசு ஆளுக்கு வருகிறேன். 1965 சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. ஊனத்தால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு 1956லிருந்தே சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் உண்டு. ஆனால் மருத்துவக் காப்பீடு இல்லை. யோசித்துப் பாருங்கள், முதுகெலும்பு உடைந்து 35 வயதில் வேலை போனால் வேலையோடு இன்ஷூரன்ஸும் போகும். பென்ஷன் வரும், ஆனால் மருந்துக்கு 65 வயது வரை காத்திருக்க வேண்டும்.

இதோடு இன்னொரு கதையும் சேர்ந்துகொள்கிறது, அதுதான் என்னை ரொம்ப உலுக்கியது. 1960ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், கையில் டெஃப்லான் குழாயைப் பொருத்தி, சிறுநீரகம் போனவர்களுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டுபிடித்தார். அவருடைய முதல் நோயாளி 11 வருஷம் உயிரோடு இருந்தார். ஆனால் மெஷின்கள் கொஞ்சம், செலவு பயங்கரம். அதனால் சியாட்டிலில் ஒரு கமிட்டி வைத்தார்கள். பெரும்பாலும் டாக்டர் அல்லாத சாதாரண ஊர்க்காரர்கள். யாருக்கு மெஷின், யாருக்கு இல்லை என்று அவர்கள் முடிவு செய்வார்கள். என்ன வேலை, எத்தனை குழந்தை, சர்ச்சுக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். 1962 நவம்பரில் லைஃப் பத்திரிகை இதை எழுதியபோது நாடே அதிர்ந்தது. அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தவர்கள் ராத்திரி எப்படித் தூங்கினார்களோ...

1971 நவம்பர் 4. ஷெப் க்ளேசர் என்ற 43 வயதுக்காரர், விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, அதே வரிக் கமிட்டி முன்னால் சாட்சி சொல்ல வந்தார். கூடவே டயாலிசிஸ் மெஷினும் வந்தது. கமிட்டி அறையிலேயே, உறுப்பினர்கள் கண்முன்னால், அவருடைய ரத்தம் மெஷினுக்குள் ஓடியது. சில நிமிடங்கள்தான். அதுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அதற்கு முன்பே பேசி முடித்தாகிவிட்டது என்பவர்களும் உண்டு. எப்படியோ, 1972 செப்டம்பர் 30, ஒரு சனிக்கிழமை, செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி கொண்டுவந்த திருத்தம் அரை மணி நேர விவாதத்தில் 52க்கு 3 என்று நிறைவேறியது. அக்டோபர் 30ல் நிக்சன் கையெழுத்துப் போட்டார்.

1973 ஜூலையிலிருந்து இரண்டு கதவு திறந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு எந்த வயதிலும் மெடிகேர், பொதுவாக டயாலிசிஸ் தொடங்கிய நாலாவது மாதத்திலிருந்து. ஊனமுற்றோருக்கும் உண்டு, ஆனால் பென்ஷன் வாங்க ஆரம்பித்து 24 மாதம் ஆனபிறகு. பென்ஷனுக்கே 5 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் 29 மாதம். செலவு கட்டுக்குள் இருக்கவேண்டும், தனியார் இன்ஷூரன்ஸ் இருக்கிறவர்களுக்கு இரட்டிப்பாகக் கொடுக்கக்கூடாது, நிஜமாகவே நீண்டகால ஊனமா என்று தெரியவேண்டும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். காமர்ஸ் மாணவனாக எனக்கு முதல் காரணம் புரிகிறது. ஆனால் அந்த 29 மாதத்தில் இறந்துபோகிறவர்களும் உண்டு, அவர்களும் வேலை பார்த்த காலத்தில் வரி கட்டியவர்கள்தான். அங்கேதான் எனக்குக் கணக்கு உதைக்கிறது.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொடுத்த விதம் தமாஷ். செலவு எவ்வளவு ஆனாலும் காட்டு, அதைத் தருகிறேன், மேலே 2 சதவீதமும் தருகிறேன். வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், சுவரெல்லாம் கிரானைட் ஆகிவிடும். அங்கேயும் அதுதான் நடந்தது. கடைசியில் 1983ல் மொத்த ஒப்பந்தமாக மாற்றினார்கள். சுமார் 470 வகை நோய்க்கும் சிகிச்சைக்கும் முன்கூட்டியே ரேட்டு, நாள் அதிகம் வைத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் நஷ்டம். இதில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி யார் தெரியுமா? அந்த இசைத்தட்டு ரீகன்!

முதியவர்களை லேசாக நினைக்கவேண்டாம். 1988ல் பெருஞ்செலவுக்கு உச்சவரம்பு வைத்து ஒரு சட்டம் வந்தது. அதற்கான பணத்தை முதியவர்களிடமே, வசதியானவர்களிடம் வருஷம் 800 டாலர் வரை, வரியாகக் கேட்டார்கள். 1989 ஆகஸ்டில் சிகாகோவில் வரிக் கமிட்டித் தலைவர் ரோஸ்டென்கவ்ஸ்கியின் காரை முதியவர்கள் மறித்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி கார் முன்னாலேயே சாய்ந்துவிட்டார். அவர் இறங்கி ஓடவேண்டியதாயிற்று. அந்த வருஷ முடிவுக்குள் சட்டம் ரத்து. மாத்திரைகளுக்கான பார்ட் டி 2003ல் சட்டமாகி, 2006ல்தான் நடைமுறைக்கு வந்தது. மருந்துக் கம்பெனிகளோடு அரசு பேரம் பேசக்கூடாது என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். அந்தத் தடை 2022ல்தான் தளர்ந்தது.

24 மாதக் காத்திருப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் வந்தவர்களுக்கு 2001லிருந்து விலக்கு, ஏனென்றால் அவர்களில் பலருக்கு அத்தனை மாதம் கிடையாது. மற்றவர்களுக்கு அதே பழைய விதி. 2024 கணக்குப்படி மெடிகேரில் இருக்கும் சுமார் 6.8 கோடி பேரில் பத்தில் ஒருவர் 65 வயதுக்குக் கீழே.

ஆக, அந்த மேடத்திடம் நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: "அவருக்கு ஊனமா மேடம், டயாலிசிஸா? அவர் மனைவி வேலைக்குப் போகிறாரா?" ஏனென்றால் ஊனக் கணக்கில் வந்த கார்டாக இருந்து, மனைவி 100 பேருக்கு மேல் வேலை பார்க்கிற கம்பெனியில் இருந்து, அந்த இன்ஷூரன்ஸில் இவரும் இருந்தால், பில் முதலில் அங்கே போகவேண்டும். மெடிகேருக்கு இரண்டாவதாகத்தான்.