பட்டமும் பதிவும்: புதிய மருத்துவப் பள்ளிகளின் அங்கீகார வரலாறு

ஒரு தொழிற்கல்விக் கூடம் திறக்கப்படும் நாளும், அங்குப் பயின்று வெளியேறுவோர் தம் தொழிலைச் சட்டப்படி நடத்தும் உரிமையைப் பெறும் நாளும் வெவ்வேறானவை. இலங்கையின் மருத்துவக் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரு நாட்களுக்கும் இடையே கிடக்கும் காலம் சில வேளைகளில் மிக நீண்டதாக இருந்தமை புலனாகும். அந்த இடைவெளியைக் கூடத்தை நிறுவியோர் தம் செல்வத்தாற் கடப்பர். அனுமதி வழங்கிய அரசாங்கம் ஒரு வர்த்தமானி அறிவித்தலாற் கடந்துவிடும். முதலாம், இரண்டாம் அணிகளிற் சேர்ந்த மாணவரோ தம் வயதைக் கொடுத்தே அதனைக் கடக்க வேண்டியவராயினர்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் இது வெறும் ஏட்டுப் பொருளன்று. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்ற பிள்ளை ஒருவரை மருந்தாளர் பாடநெறிக்கு அனுப்ப எண்ணும் ஓப்பநாயக்கக் குடும்பமொன்று, இன்று அரச பல்கலைக்கழகங்களுக்கு அப்பால் புதிதாகத் தோன்றியுள்ள பல தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களைக் காண்கின்றது. எதனைத் தெரிவது என்ற வினாவுக்குக் கட்டணமும் தூரமும் மாத்திரம் விடை தரமாட்டா. இத்தகைய வினாவை முன்னர் எதிர்கொண்டோருக்கு நேர்ந்தவை யாவை என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

மருந்து கொடுப்போரைத் தேர்வு வைத்து ஒப்புக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் 1815ஆம் ஆண்டின் அப்போதிக்கரிகள் சட்டத்தோடு உறுதி பெற்றது. 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் மருத்துவருக்கும், 1868ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம் மருந்தாளருக்கும் பதிவேடுகளை வலியுறுத்தின. கற்பிப்பவர் ஒருவர், பெயரைப் பதிவேட்டில் ஏற்றுபவர் இன்னொருவர் என்னும் முறை இவ்வாறு வேரூன்றிற்று. அப்போதிக்கரி என்ற சொல்லும் இம்முறையும் ஆங்கில ஆட்சியோடு இலங்கைக்கும் வந்தன. சொல் இப்பொழுது ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது, முறை நிலைத்துவிட்டது.

இந்நாட்டில் மேலை மருத்துவத்தை ஒழுங்காகக் கற்பித்த முன்னோடிக் கூடம் கொழும்பில் அன்றி யாழ்ப்பாணத்திலேயே தோன்றியது. அமெரிக்க மிசன் மருத்துவராக 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு தொடக்கம் மாணவரைச் சேர்த்துக் கற்பித்தார்; மானிப்பாய் அவருடைய பணிக்களமாயிற்று. முதலில் ஆங்கிலத்திற் கற்ற அவருடைய மாணவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். ஊரவருக்கு மருத்துவர் வேண்டும் என்று தொடங்கிய பள்ளி, ஊரைவிட்டுச் செல்வோரையே உருவாக்கியது. 1864ஆம் ஆண்டளவில் கிறீன் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், இரசாயனம், மருந்துப் பொருள்கள் முதலிய துறைகளின் நூல்களைத் தாமும் தம் மாணவரும் தமிழாக்கி அச்சேற்றினர். இந்திய மருந்துநூலின் தமிழாக்கமாகிய ‘இந்து பதார்த்த சாரம்’ அவற்றுள் ஒன்று.

கிறீனின் இம்மாற்றம் மொழிப்பற்றின் வெளிப்பாடு என்றே பெரிதும் போற்றப்படுகின்றது. அதனுள் அங்கீகாரம் பற்றிய ஒரு கணக்கும் அடங்கியிருந்தமை போதிய கவனத்தைப் பெறவில்லை. ஆங்கிலத்திற் கற்றவனின் சான்று எங்கும் செல்லும். ஆகவே அவனும் எங்கும் செல்வான். தமிழிற் கற்றவனின் சான்று அவனை அறிந்த ஊரிலேயே மதிப்புப் பெறும். ஆகவே அவன் ஊரிலேயே இருப்பான். நோயாளிக்கு இது நன்மை. மாணவனுக்கு இது எத்தகையது என்ற கேள்வியை மிசன் அறிக்கைகளை மாத்திரம் கொண்டு முடிவு செய்துவிட முடியாது. 60க்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றிய கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அதன்பின் அவருடைய பள்ளி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆசிரியர் ஒருவரின் பெயரே சான்றிதழின் வலிமையாக இருந்த பள்ளிக்கு அவரில்லாத காலம் கடினமாயிருந்தமை வியப்பன்று.

கொழும்பு மருத்துவப் பள்ளி 1870ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் தலைமையில் 3 ஆண்டுப் பாடநெறியோடு தொடங்கியது. பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டை நோக்குமிடத்து அதன் முதல் மாணவரின் சான்றும் மானிப்பாயிற் பெற்ற சான்றைவிட உயர்ந்ததன்று. 1880இல் அது கல்லூரியாக உயர்த்தப்பட்டது. அதன் பட்டயத்தைப் பிரித்தானியப் பொது மருத்துவ சபை ஏற்றுக்கொண்டதோ 1880களின் பிற்பகுதியிலேயே. அதுவரை சேர்ந்தோர் எவரும் தெருவில் நிற்கவில்லை. பள்ளியை நடத்திய அரசாங்கமே அவர்களுக்கு வேலை கொடுப்பதாகவும் இருந்தமையே காரணம். கற்பிப்பவரும் ஏற்பவரும் வேலை தருபவரும் ஒருவராயின், அங்கீகாரம் தாமதிப்பதால் மாணவனுக்கு வரும் கேடு சிறிதே. இந்த வசதி பின்னெழுந்த தனியார் கூடங்களுக்குக் கிட்டவில்லை.

வேலைக்கும் அக்காலத்திற் குறைவிருக்கவில்லை. கோப்பித் தோட்டங்களில் தொழிலாளர் மாண்ட தொகை கண்டனத்துக்கு உள்ளாக, 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. 1912இல் இவ்வேற்பாடுகள் மீள அமைக்கப்பட்டன. கோப்பி அழிந்து தேயிலையும் இறப்பரும் வந்தபின் சபரகமுவ மலைச்சரிவுகளிலும் தோட்ட ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரும் அன்றாட வாழ்வின் பகுதியாயினர். களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகையிரதப் பாதை இரத்தினபுரியைக் கடந்து ஓப்பநாயக்க வரை நீண்டது. அதுவே பாதையின் முடிவிடம். தேயிலையையும் இறப்பரையும் கீழே கொண்டுசெல்ல இடப்பட்ட அப்பாதையின் மேற்பகுதி 1970களில் நீக்கப்பட்டுவிட்டது.

தோட்டத்து மக்கள் இவ்வமைப்பில் மருந்து வாங்குவோராக இருந்தனரேயன்றி, மருந்து கொடுக்கக் கற்போராக இருந்தமை அரிது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அரசாங்க சேவைக்குப் பிரசாவுரிமை வேண்டப்பட்டமையால், தகுதி பெறினும் கதவு திறவாத நிலை நீடித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாகப் பல குடும்பங்கள் தமிழகம் சென்றன. எஞ்சியோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்கும் நிலைக்கு வருமுன், தனக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்க நேர்ந்த சமூகம் இது. தாமதம் என்றால் என்ன என்பதை அது பிறரைவிட நன்கறியும்.

தனியார் மருத்துவக் கல்வி இந்நாட்டில் றாகமையில் 1981இல் மாணவரைச் சேர்த்த வட கொழும்பு மருத்துவக் கல்லூரியோடு தொடங்கியது. பட்டம் வழங்கும் நிறுவனங்களாகப் பிறவற்றை ஏற்பதற்கான 25அ பிரிவு பல்கலைக்கழகச் சட்டத்தில் 1985இலேயே சேர்க்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. மாணவர் உள்ளே வந்தபின் சட்டம் பின்தொடர்ந்து வந்தது. அம்மாணவர் யாருடைய பட்டத்தைப் பெறுவர் என்பது பெரும் பிணக்காயிற்று. கட்டணம் செலுத்த வல்லார்க்கு ஒரு வழி, புள்ளியை மாத்திரம் நம்பியவர்க்கு இன்னொரு வழியா என்று அரச பல்கலைக்கழக மாணவர் எழுப்பிய எதிர்ப்பு 1980களின் பிற்பகுதிக் கொந்தளிப்போடு கலந்தது. 1989இல் அரசாங்கம் கல்லூரியைப் பொறுப்பேற்றது. 1991இல் அதே இடத்திற் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தொடங்கிற்று. இன்று அது மதிப்புமிக்க பீடங்களுள் ஒன்று. கூடம் தப்பியது, கட்டிடம் தப்பியது. இடைநடுவில் இருந்தோர் பொறுத்திருந்தனர்.

இவ்வரலாறு மாலபேயில் மேலும் கடுமையாக மீண்டும் நிகழ்ந்தது. வைத்தியர் நெவில் பெர்னாண்டோ நிறுவிய, ‘சைட்டம்’ என்று வழங்கிய நிறுவனம் 2009இல் மருத்துவ மாணவரைச் சேர்த்தது. தொடக்கத்தில் ருசிய நாட்டு மருத்துவக் கழகமொன்றின் தொடர்பு முன்வைக்கப்பட்டது. சொந்தப் பட்டம் வழங்கும் தகுதி 2011 ஓகத்து மாத வர்த்தமானி மூலமே கிடைத்தது. அதாவது, முதல் அணியினர் 2 ஆண்டுகள் கற்றபின்னரே அவர்கள் எதற்காகக் கற்கின்றனர் என்பது சட்டத்தில் எழுதப்பட்டது.

பட்டம் வழங்கும் தகுதியை உயர்கல்வி அமைச்சு ஒரு சட்டத்தின்கீழ்த் தந்தது. மருத்துவராகப் பதியும் அதிகாரமோ மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இலங்கை மருத்துவ சபையிடம் இருந்தது. சபை 2015இல் நிறுவனத்தைப் பரிசோதித்து, மாணவருக்கு நோயாளரிடம் பெறும் பயிற்சி போதாதெனக் கண்டு பதிவை மறுத்தது. புதிய மருத்துவக் கூடங்கள் இடர்ப்படுவது பெரும்பாலும் இந்த இடத்திலேயே. விரிவுரை மண்டபத்தை ஓராண்டிற் கட்டலாம். நோயாளர் நிறைந்த வாட்டு ஓராண்டில் உண்டாவதில்லை. சபையின் கண்டனத்தைப் பொறாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. நோயாளியின் உயிர் அதன் பின்னால் உள்ளது. அதே வேளையில், 2009இற் சேர்ந்தவனுக்கு 2015இற் சொல்லப்படும் குறை அவன் செய்த குறையன்று.

பட்டதாரிகள் வழக்குத் தொடுத்தனர். 2017 சனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் தற்காலிகமாகப் பதியுமாறு தீர்ப்பளித்தது. சபை மேன்முறையீடு செய்தது. அரசாங்க மருத்துவ அதிகாரிகள் சங்கம் வேலைநிறுத்தங்களில் இறங்கியது. அரச மருத்துவ பீட மாணவர் 2017இற் பல மாதங்கள் விரிவுரைகளைப் புறக்கணித்தனர். ஒரு நிறுவனத்தின் அங்கீகாரக் குறை, அந்நிறுவனத்தின் வாசலை மிதியாத மாணவரின் ஆண்டையும் உட்கொண்டமை இவ்வரலாற்றின் விநோதம். 2017 ஒற்றோபரில் நிறுவனத்தைக் கலைக்கும் முடிவு வெளியாயிற்று. மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்ச நியமங்கள் 2018இல் வர்த்தமானியில் வந்தன. எஞ்சிய மாணவரைச் சேர் ஜோன் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகம் ஏற்கும் வகையில் அதே ஆண்டு சட்டமியற்றப்பட்டது. 2018 செத்தெம்பரில் உயர் நீதிமன்றம் சபையின் மேன்முறையீட்டை நிராகரித்தது. மாணவர் வழக்கில் வென்றனர். 2009இல் நுழைந்தோருக்கு அப்போது 9 ஆண்டுகள் சென்றிருந்தன.

மருந்தாளர் கல்வியிலும் இவ்விரட்டைத் தன்மையே காணப்படுகின்றது. 1905இல் அமைந்த இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை, பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராக இருந்து தேர்வெழுதுவோருக்குச் சான்று வழங்கி வந்தது. பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது மருத்துவ சபையின் கடமை. பட்டமில்லாத இவ்வழி விளம்பரத்திற்குரியதன்று. எனினும், அதன் முடிவில் எந்தக் கதவு உள்ளது என்பதில் ஐயமில்லை. வறிய குடும்பங்களுக்கு இது சிறிய நன்மையன்று. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் பின்னர் பதிவு பெற்ற மருந்தாளரின் தேவை மேலும் வலியுறுத்தப்பட்டமையால், பாமசிகளில் அவர்களுக்குக் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறும் துறையிற் புதிய கூடங்கள் முளைப்பது இயல்பு.

தமிழகத்துக்குச் சென்று பயில எண்ணுவோர் இந்தியச் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1860இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் மருந்தாளர் வகுப்புத் தொடங்கியது. 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் சிராப் இத்துறையைப் பல்கலைக்கழகக் கல்வியாக்க முனைந்தார். 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டத்து 12ஆம் பிரிவு, பாடநெறிக்கு ஓர் ஒப்புதலும் தேர்வுக்கு இன்னோர் ஒப்புதலும் வேண்டுமென்று பிரித்துரைக்கின்றது. பாடநெறிக்கு ஒப்புதல் பெற்ற புதிய கல்லூரி தேர்வுக்கும் அதனைப் பெற்றுவிட்டது என்று கொள்ளுதல் தவறாகும். கல்லூரிகள் பெருகியமை கண்டு, 2020-21 கல்வியாண்டு முதல் 5 ஆண்டுகளுக்குப் புதியன திறக்கலாகாதென இந்திய மருந்தகக் கழகம் 2019இல் தீர்மானித்தது. நிர்வாகத் தீர்மானத்தால் அவ்வாறு தடுத்தல் இயலாதென 2022 செத்தெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியதும் தடை நீங்கிற்று. தரம் காக்க முற்பட்ட கழகமும், கல்லூரி தொடங்கும் உரிமை கோரியவரும் நீதிமன்றத்தில் வாதிட்டனர். மாணவன் அவ்வழக்கில் எத்தரப்பினனும் அல்லன்.

இவற்றால் புதிய கூடங்கள் யாவும் தீயன என்ற முடிவு பெறப்படாது. ஒரு காலத்தில் கொழும்புப் பள்ளியும் புதியதே. சபரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியில் அமைந்து நெடுங்காலமாகவில்லை. அரச பீடமாகையால் அதன் மாணவர் ஆசிரியர் பற்றாக்குறையை எண்ணி வருந்தலாம், பதிவை எண்ணி உறக்கமிழக்க வேண்டியதில்லை. இரு புதிய தனியார் கூடங்களை ஒப்பிடும் குடும்பம் கேட்க வேண்டியது, ‘அங்கீகாரம் உண்டா’ என்ற பொதுவினாவன்று. அதற்கு எந்த நிறுவனமும் ‘உண்டு’ என்றே சொல்லும். பட்டம் யாருடையது, அப்பட்டத்தைப் பதிவுக்கு ஏற்பதாக மருத்துவ சபை எழுத்தில் தெரிவித்துள்ளதா, பயிற்சி நடைபெறும் ஆஸ்பத்திரி எது, முந்திய அணியில் எத்தனை பேரின் பெயர் பதிவேட்டில் ஏறியுள்ளது என்பவையே கேட்கத்தக்கன. முந்திய அணியே இல்லையெனின், அதன் இடத்தில் நிற்கப்போவது தம் பிள்ளை என்பதை உணர்ந்தே பணம் கட்ட வேண்டும்.

கொழும்பின் வசதி படைத்த குடும்பமொன்று 9 ஆண்டு வழக்கைத் தாங்கலாம். தோட்டக் கூலியிலும் அடகு வைத்த நகையிலும் முதலாண்டுக் கட்டணம் செலுத்திய வீடு இரண்டாண்டுத் தாமதத்தையே தாங்காது. பிள்ளை படிப்பை விட்டுக் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிடும். அவ்வாறு விலகியவரின் தொகை எந்த நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெறுவதில்லை. மருத்துவ சபையின் அலுவலகம் கொழும்பில் உள்ளது. ஓப்பநாயக்கவிலிருந்து அதிகாலை பஸ்ஸில் ஏறினால் அன்றே விசாரித்துத் திரும்பிவிடலாம். ஒரு நாட் சம்பளம் போகும்.