பதிவேட்டில் ஏறாத கைகள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் குழித்தறியில் உட்காரும் நெசவாளியின் கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. கைகள் நாடாவை ஓட்டி அச்சை இழுத்து அடிக்கின்றன. இடுப்பு நாள் முழுக்க முன்னோக்கி வளைந்தே இருக்கிறது. இடுப்புப் பிடிப்பும் தோள்பட்டை வலியும் இந்தத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை. எண்ணெய் போட்டு நீவுகிறவரிடமும் சுளுக்கு எடுப்பவரிடமும் போவது நெசவு ஊர்களின் பழைய வழக்கம். எலும்பு முறிந்தால் அரக்கோணம், திருத்தணி தாண்டி ஆந்திரத்தின் புத்தூர். அங்கே பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவார்கள். இத்தனை பேர் நம்பி உடம்பைக் கொடுக்கும் இந்தக் கைத்தொழிலைச் சட்டம் நூறு ஆண்டுகளாகக் கண்டும் காணாமலே விட்டிருக்கிறது. அந்த அலட்சியத்தின் விலையைக் கொடுப்பவர் நோயாளிதான்.

1914-இல் வந்த சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் படித்தவர்களுக்கே பதிவேட்டைத் திறந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் நடுவே 1921-இல் மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுக்கு ஆதரவாக அக்குழு 1923-இல் அறிக்கை தந்தது. 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம் நாடு முழுவதற்கும் பட்டத்தை அளவுகோலாக்கியது. உடலின் வர்மப் புள்ளிகளைக் கையாளும் வர்மமும் நீவிச் சரிசெய்யும் தொக்கணமும் சித்த மருத்துவப் பாடத்தில் இடம்பெற்றன. ஆனால் அவற்றைத் தலைமுறையாகக் காத்த ஆசான் பதிவேட்டுக்கு வெளியே நின்றார். பாரம்பரிய வைத்தியர்களுக்குச் சட்டம் தந்த விலக்குகள் அன்று தொழிலில் இருந்த தலைமுறையோடு தேய்ந்தன. அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதவர் வைத்தியம் செய்யக்கூடாது என்று 2018-இல், கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. ஆனாலும் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகைகள் தமிழகச் சாலைகளில் இன்றும் தொங்குகின்றன.

இங்கிலாந்தில் ஆஸ்டியோபதியும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்தது. எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் அந்த முறையை அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கினார். 1935-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் அத்தொழிலைப் பதிவு செய்வதற்கான மசோதா நிறைவேறவில்லை. அத்தொழிலினர் மறு ஆண்டே தாங்களாக ஒரு பதிவேட்டை ஏற்படுத்திக்கொண்டார்கள். 1993-இல் சட்டம் நிறைவேறியது. 1998-இல் அரசுப் பதிவேடு திறந்தது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள் தாங்கள் செய்துவந்த சிகிச்சையைச் சான்றுகளோடு முன்வைத்தார்கள். பொது ஆஸ்டியோபதிக் குழு அதை மதிப்பிட்டுச் சேர்த்தது. புதியவர்களுக்குப் படிப்பு கட்டாயம். தவறு செய்தவரை நீக்கும் அதிகாரமும் அக்குழுவுக்கு உண்டு. பழைய அனுபவத்தைச் சோதித்து ஏற்கவும் வழி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பட்டமில்லாத ஆசான்களை இப்படிப் பதிவேட்டில் சேர்ப்பது ஆபத்தை அங்கீகரிப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. இறுகக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகலாம். சுளுக்கென்று நீவிய இடத்தில் முறிவு இருக்கலாம். அதனால்தான் பதிவு வேண்டும். எக்ஸ்ரே பார்க்காமல் கட்டக்கூடாது, விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற விதிகளைப் பெயர் தெரிந்தவர் மீதுதான் சுமத்த முடியும். தடை மட்டும் போட்டால் தொழில் நிற்பதில்லை, பொறுப்புதான் காணாமல் போகிறது. பதிவு குரு சீட மரபைக் கொன்றுவிடும் என்பது இன்னொரு அச்சம். சீடரைச் சேர்க்கவே முடியாத இன்றைய நிலைதான் அந்த மரபை வேகமாகக் கொல்கிறது. ஆசான்களின் திறமையைச் சோதிக்க ஒரு தேர்வு, அதில் தேறியவர் செய்யக்கூடிய சிகிச்சைக்குத் தெளிவான எல்லை, நோயாளியின் புகாரை விசாரிக்க ஒரு குழு: இம்மூன்றையும் தமிழக அரசு ஏற்படுத்த வேண்டும். ஓரிக்கை நெசவாளி நாளை எந்தக் கையை நம்பிப் போனாலும், அந்தக் கை தவறினால் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும்.