குன்னத்துக் காற்றில் கொழும்புக் குரல்

சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டனுள் நூலாசிரியன் பெயரையே நன்னூல் முதலில் வைக்கும். ஒலிபரப்பான திரைப்பாடலின் வரலாற்றிலும் பெயரே பெருஞ்சிக்கலாயிற்று.

1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த குன்னத்திற்கு அதுவே அண்மை நிலையம். 1952-இல் நடுவண் அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைத் தாழ்த்துவதாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமெனத் தவிர்க்கப்பட்டது. படத்தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமத்தை விலக்கிக்கொள்ளவே, பாடல்களும் மறைந்தன.

நிலைய வாயில் அடைபட்ட பாட்டு, கடல் கடந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காக இலங்கையில் நிறுவப்பட்ட ஒலிபரப்பு நிலையம், போருக்குப்பின் இலங்கை வானொலியின் உடைமையாயிற்று. அதன் வர்த்தக ஒலிபரப்புக்குப் படப்பெயர் சொல்லத் தடையில்லை. படம், பாடியோர் ஆகியவற்றோடு, பாடலாசிரியர் பெயரும் பலவேளை அறிவிக்கப்பட்டது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தோன்றிய பின்னரும், கொழும்புக் குரலுக்குத் தமிழகத்தில் செல்வாக்குக் குறையவில்லை.

குன்னம் வானம் பார்த்த கரிசற்பூமி. பருத்தியும் சோளமும் விளையும் இத்தகைய ஊர்ப்புறங்களில் டிரான்சிஸ்டர் அரும்பொருளாக மதிக்கப்பட்ட காலம் அது. உரிமக் கட்டணத்தை அஞ்சலகத்தில் செலுத்தினர். ஆற்றல் குன்றிய பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தினர். இரைச்சலினூடே கே.எஸ். ராஜாவின் விரைந்த மொழியும் பி.எச். அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பும் செவியை நிறைத்தன. எழுத்துக்கூட்டிப் படிக்க அறியாதோரும் லகர ளகர ழகர வேறுபாட்டைக் காதால் கற்றனர். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி, கொடுத்த எழுத்தில் பாடலைத் தொடங்கும் பயிற்சியை விளையாட்டாக்கிற்று. அந்தாதி மரபின் ஒரு சாயலை அதிற் காணலாம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபர் 8 அன்று, இருபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவரைக் கண்டிராத, அவர் நூலைத் தொட்டிராத உழவர்களும் அவர் பாட்டைக் களத்துமேட்டிற் பாடினர். அப்பாட்டுக்கு உரியவர் இன்னாரெனப் பலர்க்கு அறிவித்தது வானொலியே.

இன்று வேண்டிய பாடல் வேண்டிய நொடியிற் கைப்பேசியில் ஒலிக்கிறது. காத்திருப்பும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஆயினும் பாட்டுக்கு முன்னே பாவலன் பெயரைச் சொல்லும் குரலும் அரிதாகிவிட்டது. கவியரங்கிலும் மேடையிலும் பிறர் பாட்டை எடுத்தாள்வோர் ஆக்கியோன் பெயரை முதலிற் சொல்வாராயின், அந்தப் பழைய அறிவிப்பாளர்க்குச் செலுத்தும் நன்றிக்கடனாக அது அமையும்.