தியோதோத்தோஸ் கல்வெட்டு: எருசலேமின் யாத்திரிகர் விடுதியும் யூதர் கூடமும்

எருசலேமின் தென்பகுதியில், தாவீதின் நகரம் எனப்படும் குன்றில், 1913-14ஆம் ஆண்டுகளில் ரெய்மோன் வெய்ல் என்னும் பிரெஞ்சு அறிஞர் அகழாய்வு மேற்கொண்டார். இடிபாடுகளால் நிரம்பிய நீர்த்தொட்டி ஒன்றினுள், கிரேக்க மொழியில் 10 வரிகள் பொறிக்கப்பட்ட சுண்ணாம்புக் கற்பலகை அப்போது கிடைத்தது. யூதர் கூடமொன்று எதற்காகக் கட்டப்பட்டது என்பதைக் கட்டியவர் தரப்பிலிருந்தே கூறும் அரிய சான்று இது.

வெத்தேனோஸின் மகனும் குருவும் கூடத் தலைவருமான தியோதோத்தோஸ் இதைக் கட்டியதாகக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அவருடைய தந்தையும் பாட்டனும் அதே பதவியை வகித்தவர்கள். திருச்சட்டத்தை வாசிப்பதும் கட்டளைகளைக் கற்பிப்பதும் கூடத்தின் நோக்கங்களாகச் சுட்டப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து, அயல்நாடுகளிலிருந்து வருவோர் தங்குவதற்கான விருந்தினர் விடுதி, அறைகள், நீர் வசதிகள் ஆகியவை வரிசையாகக் கூறப்படுகின்றன. வழிபாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் ஒன்றைக் கருத வேண்டும். தமிழ் விவிலிய மரபு இக்கூடத்தை 'ஜெப ஆலயம்' என்றும் 'தொழுகைக்கூடம்' என்றும் பெயர்க்கிறது. மூலமான 'சுனகோகே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கோ 'கூடுகை' என்பதே அடிப்படைப் பொருள். செபத்தை முன்னிறுத்தும் பெயர்ப்பைக் கொண்டு இக்கல்வெட்டை வாசிப்பவர், விடுதியை ஆலயத்தின் துணைக்கட்டடமாகவே எண்ணுவர். கல்வெட்டோ வாசிப்பையும் போதனையையும் தங்கலையும் ஒரே கொடையின் கூறுகளாக வைக்கிறது.

விடுதியின் தேவை வெளிப்படையானது. பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை ஆகிய மூன்று திருவிழாக்களுக்கும் புலம்பெயர் யூதர் எருசலேம் ஆலயத்திற்கு வந்தனர். அவர்களுள் பலருக்குக் கிரேக்கமே பழகிய மொழி; கல்வெட்டின் மொழிக்கும் இதுவே காரணமாகலாம். நீர் வசதிகள் சடங்குத் தூய்மைக்கா, அன்றாடப் பயன்பாட்டிற்கா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆலயத்திற்குள் நுழையத் தூய்மை கட்டாயம் என்பதால், இரண்டிற்கும் பயன்பட்டிருக்கும் எனக் கொள்வதே பொருத்தம். தந்தையின் பெயரான வெத்தேனோஸ் உரோமைக் குடிப்பெயர் ஒன்றை நினைவூட்டுவதால், அக்குடும்பம் உரோமையில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றது எனக் கருதுவோர் உளர். இதை அப்போஸ்தலர் நடபடிகள் கூறும் லிபர்த்தீனரின் கூடத்தோடு இணைப்பது கவர்ச்சியான ஊகமே, சான்று போதாது.

கல்வெட்டின் காலமே பெரும் விவாதத்திற்குரியது. கி.பி. 70க்கு முன் 'சுனகோகே' என்பது மக்கள் கூட்டத்தையே குறித்தது, தனிக் கட்டடத்தை அன்று எனக் கருதிய ஹோவர்ட் கிளார்க் கீ, 1990களில் இக்கல்வெட்டைப் பிற்காலத்தது என வாதிட்டார். ஜான் க்ளோப்பென்போர்க் 2000ஆம் ஆண்டில் எழுத்தமைதி உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு அதை மறுத்து, 70க்கு முந்தையது என நிறுவினார். கம்லா, மசாதா ஆகிய இடங்களில் 70களின் தொடக்கத்திற்கு முந்தைய கூடக் கட்டடங்கள் வெளிப்பட்டுள்ளமையும் கீயின் அடிப்படையைத் தளர்த்துகிறது.

எழுத்தமைதியை ஒதுக்கிவைத்தாலும், விடுதியே ஒரு சான்றாகிறது. 70இல் ஆலயம் அழிந்தபின் உரோமையரின் பத்தாம் படையணி நகரில் நிலைகொண்டது. 135க்குப் பின் யூதர் அங்கு நுழையவே தடை விதிக்கப்பட்டது. அச்சூழலில் அயல்நாட்டு யாத்திரிகருக்கு யார் விடுதி கட்டியிருப்பர்? தியோதோத்தோஸ் 70க்கு முன் வாழ்ந்தவர் எனில், பாட்டன் தலைமை வகித்த காலம் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியை எட்டக்கூடும். அடிக்கல்லை இட்டவர்களாக முன்னோரையும் மூப்பரையும் சிமோனிதேஸ் என்பவரையும் கல்வெட்டின் இறுதி வரிகள் பெயர் சுட்டுகின்றன.