சீகாழிக் கவிராயரின் நாடகத் தகுதி

தில்லையாடியில் 1711-ஆம் ஆண்டு பிறந்து, தருமபுர ஆதீனத்தில் கல்வி பயின்று, பின்னர் சீகாழியில் குடியேறி, 1779-இல் மறைந்த அருணாசலக் கவிராயரைத் தமிழிசை மூவருள் ஒருவராகப் போற்றுகின்ற நாம், அவருடைய நூல் இராம நாடகம் என்றே வழங்கிவந்தும், அவரை ஒரு நாடகாசிரியராக எண்ணிப் பார்ப்பது மிக அரிது. ஆங்கில நாடகங்களைக் கற்று, ஷேக்ஸ்பியரையே நாடகத்துக்கு இலக்கணமாகக் கொண்டோர், கவிராயருடைய கதை கம்பனிடம் பெற்றது என்றும், கவியே இடையிடையே வந்து விருத்தத்தில் கதையை நடத்திச் செல்கிறார் என்றும் இரண்டு ஆட்சேபங்களைக் கூறுவர்.

முதல் ஆட்சேபம் நிற்பதற்கில்லை. ஹாலின்ஷெட்டின் சரித்திரத்திலிருந்து இங்கிலாந்து மன்னர்களையும், நார்த் என்பார் மொழிபெயர்த்த புளூடார்க்கிடமிருந்து ரோமாபுரித் தலைவர்களையும் எடுத்துக்கொண்டவரே ஷேக்ஸ்பியர். கதை யாருடையது என்பதன்று, அதனுள் நிற்கும் மாந்தர்க்கு எந்தக் கணத்தில் எவ்வாறு வாய் திறந்துவிடுகிறான் என்பதே நாடகக் கவியின் பரீட்சை. இரண்டாவதற்கு விடை இன்னும் எளிது: கதையைச் சொல்லியும் பாடியும் நடத்துவது நம் நாட்டுக் கூத்தின் இயல்பு, அதைக் குறையென்பது, நாற்றங்காலைப் பார்த்து இதில் ஏன் கதிர் இல்லை என்பது போலாகும்.

உண்மையான வேற்றுமை, இருவரும் எழுதியவை எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதிலேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் 1616-இல் இறந்தபின், அவரோடு மேடையேறிய நடிகர்களான ஹெமிங், காண்டெல் இருவரும் 1623-இல் முப்பத்தாறு நாடகங்களை ஒரே தொகுதியாக வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, 'மாக்பெத்' உட்பட, அதற்குமுன் அச்சேறாதவை. நடிகர் காத்தமையால் அவை நாடகமாகவே நிலைத்தன. கவிராயருக்கு வாய்த்தவர்களோ சட்டநாதபுரத்து வேங்கடராமையரும் கோதண்டராமையரும். சங்கீத வித்துவான்களான அவர்கள் அமைத்த மெட்டுகளிலே அப்பாடல்கள் பரவின. அம்மெட்டுகளும் பெரும்பாலும் மறைந்துபோக, அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்றோர் புதிய வர்ணமெட்டுகளில் பாடிப் பாடி அவற்றைக் கச்சேரியில் நிலைநிறுத்தினர். அவ்வுபகாரம் பெரிது, எனினும், தருக்கள் எனும் அப்பாடல்கள் தனித்தனியே பிரிந்து வந்தபோது பாத்திரங்கள் நூலிலேயே தங்கிவிட்டன.

மிதிலைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். வில்லொடிப்பதற்கு முன்னரே இராமனும் சீதையும் கண்ணால் கண்டுகொள்ளும் நிகழ்ச்சி வால்மீகியில் இல்லை, அது கம்பனுடையது. கம்பன் அந்நோக்கைத் தானே நின்று வருணிக்க, கவிராயரோ அதைக் கண்டவர் நெஞ்சிலெழும் கேள்வியாக்கி, அவர் வாயிலேயே பாட்டாக வைத்துவிடுகிறார். இன்று கச்சேரியில் அப்பாட்டைக் கேட்டு உருகுவோருள், பாடுவது எந்தப் பாத்திரம் என்று வினவுவோர் எத்தனை பேர்? இராகத்தில் கரைந்து மறைந்தது அப்பாத்திரம். கவிராயரின் தொழில் அங்கேதான் இருக்கிறது.

அத்தொழிலை இன்னோரிடத்திலும் காணலாம். இராம நாடகத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றச் சென்றபோது, பள்ளிகொண்ட பெருமாளை நோக்கி, இவ்வுறக்கம் எதனால் வந்த களைப்பு என்று அவர் பாடினார் என்பது மரபு. சீதையோடு வழி நடந்ததாலோ, வில்லை ஒடித்ததாலோ என்று அடுக்கிக்கொண்டே போகும் அப்பாட்டில், கோயிலில் கிடக்கும் மூர்த்தி, வேடம் களைந்து வந்து படுத்த ஒரு மனிதனுடைய உடல் நோவோடு நம் முன் கிடக்கிறார்.